கண்ணுக்குப் புலப்படாத தூசி: திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமும் சுற்றுப்புற மக்களின் உடல்நலமும்

நமது நாட்டின் மின்சார உற்பத்திக்கும் எஃகுத் தொழிலுக்கும் நிலக்கரியே முதன்மையான ஆதாரமாக இருந்து வருகிறது. 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது, நிலத்தின் அடியில் குடைந்து செல்லும் சுரங்கங்களிலிருந்து கிடைத்ததன்று. மேலேயுள்ள மண்ணையும் பாறையையும் அகற்றிவிட்டுப் படிப்படியாக வெட்டிச் செல்லும் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து கிடைத்ததாகும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இவ்வகையைச் சார்ந்தவை என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

நிலத்தடிச் சுரங்கத்தில் எழும் தூசி, பெரும்பாலும் அங்கே உழைக்கும் தொழிலாளரையே தாக்குகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் எழும் தூசிக்கோ சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அது காற்றோடு கலந்து வேலியைக் கடந்து வயலுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சென்றடைகிறது. சுரங்கத் தொழிலாளர் பணியில் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனையும், பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்-ரே உள்ளிட்ட பரிசோதனையும் நடத்தும் முறையைச் சுரங்க விதிகள் ஏற்படுத்தின. வேலிக்கு வெளியே, அதே காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அத்தகைய பரிசோதனையைச் சுரங்க விதிகள் ஏற்படுத்தவில்லை. ஆகவே பதிவும் இல்லை. பதிவு இல்லாத நோய், நோயே அன்று எனக் கருதப்பட்டுவிடும். இக்குறையை ஓரளவேனும் நீக்கக்கூடியவர்கள் கிராமங்களில் பணியாற்றும் களப்பணியாளரும் ஆசிரியர்களுமே ஆவர். அவர்களுக்குப் பயன்படும் பொருட்டே இப்பாடம் எழுதப்படுகிறது.

1. ஜரியா: ஓர் எடுத்துக்காட்டு

ஜார்க்கண்ட் மாநிலத்தின் தன்பாத் மாவட்டத்தில் தாமோதர் ஆற்றையொட்டி அமைந்துள்ளது ஜரியா நிலக்கரி வயல். எஃகு உருக்குவதற்கு இன்றியமையாத உயர்தரக் கோக் நிலக்கரி நம் நாட்டில் முதன்மையாக இவ்வயலிலிருந்தே கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே சுரங்கத் தொழில் நடைபெற்று வருகிறது. 1916ஆம் ஆண்டில் இவ்வயலின் நிலக்கரிப் படுகையில் முதன்முதலாகத் தீ கண்டறியப்பட்டது. பழைய சுரங்கங்களின் வெடிப்புகள் வழியே காற்று உட்புகுந்து நிலக்கரி தானாகவே பற்றிக்கொள்ளுதல் இத்தகைய தீக்குக் காரணமாகும். சில தீக்கள் அணைக்கப்பட்டன. வேறு சில பல பத்தாண்டுகளாக எரிந்து வந்துள்ளன.

1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், திறந்தவெளி முறை இங்கே விரிவடைந்தது. எரியும் படுகையைத் தோண்டி எடுத்துவிடுவதே தீயை நிறுத்தும் வழிகளுள் ஒன்றாகவும் கொள்ளப்பட்டது. இதனால் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களுக்கு மிக அருகிலேயே வெட்டுக்குழிகள் வந்து சேர்ந்தன. தீயினாலும் நிலச்சரிவினாலும் ஆபத்துக்குள்ளான இடங்களில் வாழ்வோரை வேறிடத்தில் குடியேற்றுவதற்கான பெருந்திட்டம் 2009இல் அங்கீகரிக்கப்பட்டது.

எரியும் படுகைகளிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கந்தக ஆக்சைடுகளும் புகையும் வெளிப்படுகின்றன. இவை ஜரியாவுக்குச் சிறப்பாக உரியவை. ஆயினும் சிங்ரௌலி, கோர்பா, தால்சேர் முதலிய எல்லாத் திறந்தவெளி வயல்களுக்கும் பொதுவான தீங்கு ஒன்று உண்டு. அதுவே தூசி.

2. தூசியில் இருப்பது என்ன?

நிலக்கரிச் சுரங்கத்தின் தூசி என்றவுடன் கரிய தூசியே நம் நினைவுக்கு வருகிறது. வீட்டுச் சுவரிலும் காயப்போட்ட துணியிலும் படிவது அதுவே; மக்கள் முறையிடுவதும் அதைப் பற்றியே. ஆனால் சுரங்கத்தில் தோண்டப்படும் பொருள்களின் கணக்கைப் பார்த்தால் வேறோர் உண்மை புலனாகும்.

நிலக்கரிப் படுகைக்கு மேலேயுள்ள மண்ணையும் பாறையையும் சேர்த்து மேல்மண் என்பர். கோல் இந்தியா நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு டன் நிலக்கரியை எடுப்பதற்கு, அண்மை ஆண்டுகளில், சராசரியாக இரண்டு கனமீட்டருக்கு மேற்பட்ட மேல்மண் அகற்றப்பட்டு வந்துள்ளது. ஒரு கனமீட்டர் பாறை இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. ஆகவே ஒரு டன் நிலக்கரிக்காக நான்கு டன்னுக்கு மேற்பட்ட பாறையைத் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து, அள்ளி, ஏற்றி, கொட்ட வேண்டியுள்ளது. இப்பாறையில் பெரும்பகுதி மணற்கல்லாகும். மணற்கல்லின் முக்கியக் கூறு குவார்ட்ஸ். அதாவது படிகச் சிலிக்கா.

இதனோடு, கனத்த டம்பர் வண்டிகள் ஓடும் மண்பாதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறு டன் சுமை ஏற்றிய வண்டியின் சக்கரங்கள் பாதையிலுள்ள கல்லையும் மண்ணையும் மாவாக அரைக்கின்றன. திறந்தவெளிச் சுரங்கங்களில் எழும் தூசியின் தோற்றுவாய்களுள் இப்பாதைகளே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. இத்தூசி கறுப்பாக இராது. சாம்பல் அல்லது செம்மண் நிறமாக இருக்கும். அதன் மிக நுண்ணிய பகுதிக்கோ நமது கண்ணுக்குத் தெரியும் நிறமே இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1997இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நிலக்கரித் தூசியை, போதிய சான்று இன்மையால் வகைப்படுத்த இயலாதவற்றின் தொகுதியில் வைத்தது. இதனால் நிலக்கரித் தூசி தீங்கற்றது என்று பொருள் கொள்ளலாகாது. அதை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல் கறுத்து இறுகும் நோய் நன்கறியப்பட்டதே. பாறைத்தூசியை மறந்து கரித்தூசியை மட்டும் கருதுவது பிழை என்பதே இங்கு அறிய வேண்டுவது.

3. தூசி எவ்வளவு தூரம் செல்லும்?

இதை ஆசிரியர்கள் கரும்பலகையில் ஓர் எளிய கணக்காகவே செய்து காட்டலாம். தூசியின் அளவை மைக்ரான் என்னும் அலகால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நமது தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான்.

மூன்று மீட்டர் உயரத்தில் எழும்பிய பாறைத்தூசி, அசைவற்ற காற்றில் தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? 100 மைக்ரான் அளவுள்ள துகள் ஐந்தாறு விநாடிகளில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் வேண்டும். 1 மைக்ரான் துகளுக்கோ ஒன்பது மணி நேரம் வரை தேவைப்படும்.

இப்பொழுது விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசுவதாகக் கொள்வோம். 100 மைக்ரான் துகள் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். 10 மைக்ரான் துகள் 700 மீட்டருக்கு மேல் செல்லும். 1 மைக்ரான் துகள் 60 கிலோமீட்டருக்கு மேலும் மிதந்து செல்லக்கூடும். உண்மையில் காற்றின் சுழற்சியால் துகள்கள் மீண்டும் மேலெழும்புவதும், மழையால் கீழிறங்குவதும் உண்டு; தூரம் செல்லச் செல்லத் தூசி பரவலாகி அடர்த்தி குறைவதும் உண்டு. ஆயினும் கணக்கு காட்டும் உண்மை மாறாது: நாம் காணும் தூசி அருகில் விழுந்துவிடுகிறது; காணாத தூசியே ஊருக்குள் வருகிறது.

காலையில் கூரைத் துவாரத்தின் வழியே வகுப்பறைக்குள் விழும் வெயிற்கதிரை மாணவர்களுக்குக் காட்டுக. அதில் எண்ணற்ற துகள்கள் மிதப்பது தெரியும். கதிர் விலகியதும் அவை மறைகின்றன. ஆனால் அறையை விட்டு அகல்வதில்லை. அக்கதிரிலும் தெரியாத சிறு துகள்களே நுரையீரலுக்கு மிகுந்த தீங்கு செய்வன என்பதை இதன்பின் விளக்குதல் எளிது.

4. உடலில் நிகழ்வது யாது?

பருந்தூசியை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடுகின்றன. அது தும்மலையும் கண்ணெரிச்சலையும் உண்டாக்கும். ஆனால் ஆழமாகச் செல்வதில்லை. 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழல் வரை செல்லும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை, இரத்தத்தில் பிராணவாயு கலக்கும் நுண்ணறைகளையே அடையும். அங்கே சளியும் இல்லை. துகளை வெளியே தள்ளும் நுண்மயிர்களும் இல்லை. துகளை விழுங்கி அகற்ற முயலும் வெள்ளணுக்கள், சிலிக்காத் துகளை விழுங்கினால் தாமே சிதைகின்றன. அதனால் ஏற்படும் அழற்சி ஆறி, தழும்பாக இறுகுகிறது. இவ்வாறு நுரையீரல் சிறிது சிறிதாக விரியும் ஆற்றலை இழப்பதே சிலிக்கா நோய். இந்நோய் கண்டவர்களைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. இரண்டின் எக்ஸ்-ரே தோற்றமும் ஒன்றோடொன்று மயங்குவதுண்டு. எனவே காசநோய்க்கென மருந்து உண்டும் மூச்சுத்திணறல் நீங்காதவர் சுரங்கத்திலோ கல்லுடைக்கும் தொழிலிலோ இருந்தவரா என்று வினவுதல் களப்பணியாளரின் கடமையாகும்.

சிலிக்கா நோய் முதன்மையாகத் தொழிலாளரின் நோய். சுற்றுப்புற மக்களிடம் பெரிதும் எதிர்பார்க்க வேண்டியவை வேறு: குழந்தைகளுக்கு அடிக்கடி இருமலும் சளியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு மிகுதல், முதியோருக்கு நாட்பட்ட மூச்சுக்குழல் நோய். நுண்தூசியால் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுகின்றன என்பதும் உலகின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டுள்ளது. குழந்தைகள் தம் உடல் எடைக்கு ஏற்றவாறு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய மூச்சுக்குழல்களும் குறுகலானவை. ஆகையால் ஒரே தெருவில் ஒரே தூசியிலும் முதலில் வருந்துவது குழந்தையே.

2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசியின் 24 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமுக்கும், 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசியின் சராசரி 60 மைக்ரோகிராமுக்கும் மிகாதிருத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகள் இவற்றினும் கடுமையானவை. முறையே 45, 15 மைக்ரோகிராம்.

5. பழியைப் பகுத்தறிதல்

சுரங்கத்தையடுத்த ஊரில் காணும் இருமலெல்லாம் சுரங்கத்தால் வந்ததே என்று கூறுதல் விஞ்ஞான முறையாகாது. ஜரியா வட்டாரத்தில் ஏழை மக்கள் பலர் நிலக்கரியையே அடுப்பெரிக்கின்றனர். அதைத் திறந்தவெளியில் குவித்து அரைகுறையாக எரித்து, புகை குறைந்த கரியாக்கி விற்போரும் உண்டு. அப்புகையும் அதே நுரையீரலுக்குள்தான் செல்கிறது. புகைபிடித்தல், அருகிலுள்ள செங்கற் சூளை, அனல் மின் நிலையம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

இதற்கு மாறாக, வேறு காரணங்கள் உள்ளன என்பதைக் காட்டிச் சுரங்கத்துக்குப் பங்கே இல்லை என்பதும் அதேபோன்ற பிழையாகும். இரண்டுக்கும் இடையே உண்மையைக் காணும் வழி ஒப்பீடேயாம். இங்கிலாந்தின் வடபகுதியில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தக்க மாதிரி. திறந்தவெளிச் சுரங்கத்தையடுத்த ஐந்து ஊர்களும், பிற வகைகளில் அவற்றை ஒத்த, ஆனால் சுரங்கம் அருகில் இல்லாத ஐந்து ஊர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளின் நலம் ஒப்பிடப்பட்டது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் சுரங்கத்தையடுத்த ஊர்களில் காற்றிலுள்ள தூசி சற்று மிகுதியாக இருந்தது. மூச்சு தொடர்பான குறைகளுக்காகக் குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டதும் மிகுதியாக இருந்தது. இங்கிலாந்து ஈரம் மிகுந்த நாடு, சுரங்கங்களும் சிறியவை. கோடையில் மண் பொரிந்து கிடக்கும் நம் நாட்டு நிலைக்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. முறையைப் பின்பற்றலாம்.

6. நீர்

குழியில் ஊறும் நீரை இடைவிடாது இறைப்பதால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் தாழ்கிறது. கிணறு வற்றியபின் மக்கள் கைவிடப்பட்ட குழிகளில் தேங்கிய நீரை நாடுகின்றனர். வயிற்றுப்போக்கும் தோல்நோயும் இவ்வழியே வருகின்றன.

நிலக்கரியோடு கலந்துள்ள இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுவதுண்டு. அஸ்ஸாம், மேகாலயா நிலக்கரியில் கந்தகம் மிகுதியாதலால் அங்கே இத்தீங்கு பெரிது. ஜரியா, சிங்ரௌலி முதலிய வயல்களின் நிலக்கரியில் கந்தகம் குறைவு. அங்கே கலங்கலும் கரைந்த உப்புகளும் வெடிமருந்தின் எச்சமான நைட்ரேட்டுமே கவனிக்கத்தக்கவை. குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகுதல் கூடாது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைட்ரேட் அழியாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இவ்வேறுபாட்டைத் தாய்மார்களுக்குத் தெளிவாக உணர்த்துதல் வேண்டும்.

7. பதிவேடு

இனி, ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யக்கூடியது யாது? விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப்புத்தகம் போதும். நாள்தோறும் ஆறு செய்திகளை அதில் குறிக்கலாம்:

(அ) தேதி, (ஆ) காற்றின் திசை — கம்பத்தில் கட்டிய துணி நாடாவைக் கொண்டு அறிக, (இ) காலையில் மூடுபனியோ மழையோ இருந்ததா, (ஈ) வெடி வைத்த நேரமும் புகையின் நிறமும், (உ) வண்டிப்பாதையில் தண்ணீர் தெளிக்கப்பட்டதா, (ஊ) இருமல், மூச்சிரைப்பு காரணமாக வராத மாணவர் எத்தனை பேர், மொத்த மாணவர் எத்தனை பேர்.

மொத்த எண்ணிக்கையைக் குறிக்காத பதிவேடு பயனற்றது. இருபதில் ஐவரும் இருநூற்றில் ஐவரும் ஒன்றாகார். அதே அடுப்பு, அதே வருமானம், ஆனால் சுரங்கத்துக்குத் தொலைவு என்றமைந்த மற்றோர் ஊரின் ஆசிரியரும் இதே பதிவேட்டை வைத்திருந்தால் ஒப்பீடு நிறைவுறும். குளிர்காலத்தில் தரையையொட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமையால் தூசி தாழ்வாகவே தங்கும். ஆகவே டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளைத் தவறாது பதிவு செய்க. ஓராண்டுக்குக் குறைந்த பதிவைக் கொண்டு முடிவு கூறற்க. நோயின் பெயரை நீங்கள் முடிவு செய்ய வேண்டா. அது மருத்துவரின் பணி. பதிவேட்டின் படியை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு மாதந்தோறும் அனுப்புக. மாணவர் பெயர்களைப் பிறர் அறிய வெளியிடலாகாது.

இப்பதிவேட்டுக்குப் பயன்படும் இடங்கள் உண்டு. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன் பொதுவாக நடத்தப்பெறும் மக்கள் கருத்துக்கேட்பு அவற்றுள் ஒன்று. சுரங்க மாவட்டங்களில் 2015 முதல் அமைக்கப்பட்டு வரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை மற்றொன்று. குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவை அதன் நிதியில் முன்னுரிமை பெறும் துறைகளாகும். "எங்கள் ஊரில் இருமல் அதிகம்" என்னும் முறையீட்டைவிட, ஓராண்டுக் கணக்கு வலிமை மிக்கது.

8. தடுப்பு முறைகள்

முதற்பொறுப்பு தூசியை எழுப்புவோரையே சாரும். பாதையில் தொடர்ந்து தண்ணீர் தெளித்தல், நிலையான பாதைகளைக் கெட்டிப்படுத்தல், துளையிடும்போதே நீர் செலுத்துதல், வண்டிகளைத் தார்ப்பாயால் மூடுதல், லாரிக்குப் பதிலாக மூடிய கன்வேயர் பட்டைகளைப் பயன்படுத்துதல், மேல்மண் குவியல்களில் புல்லும் மரமும் வளர்த்தல் ஆகியவை பயன் கண்ட முறைகள். கோடையில் தெளித்த நீர் விரைவில் உலர்ந்துவிடும்; காலையில் ஒருமுறை தெளித்தது மாலை வரை காக்காது.

ஊரில் செய்யத்தக்கவையும் சில உள. வகுப்பறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். சுரங்கத்திலிருந்து திரும்புவோர் உடையை வெளியே களைந்து தனியே துவைத்தல் நலம். மூக்கில் கட்டும் துணி பருந்தூசியைத் தடுக்கும். நுண்தூசியைப் பெரும்பாலும் தடுக்காது. வெடிக்குப்பின் செம்பழுப்பு நிறப் புகை எழுமாயின் அது நைட்ரஜன் டைஆக்சைடு வாயு. குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவு சன்னல்களை அது கலையும்வரை சாத்தி வைத்தல் வேண்டும்.

நாட்டுக்கு ஒளி தரும் நிலக்கரி, அதன் அருகில் பிறந்த காரணத்தால் ஒரு குழந்தையின் மூச்சைக் குறைத்தல் ஆகாது. சுவரில் படிந்த கருமையைக் காண எவருக்கும் கண் உண்டு. காற்றில் மிதக்கும் நுண்தூசியைக் காட்டக்கூடியது பொறுமையோடு எழுதிய பதிவேடு ஒன்றே.

பயிற்சி வினாக்கள்

1. ஆறு மீட்டர் உயரத்தில் எழுந்த 10 மைக்ரான் துகள், விநாடிக்கு மூன்று மீட்டர் வேகமுள்ள காற்றில் ஏறக்குறைய எவ்வளவு தூரம் செல்லும்?

2. சன்னல் விளிம்பில் படிந்த தூசியை மட்டும் நிறுத்துப் பார்த்து ஊரின் காற்றை மதிப்பிடுதல் ஏன் தவறாகும்?

3. உங்கள் ஊரின் பதிவேட்டை ஒப்பிடத் தகுந்த மற்றோர் ஊரைத் தேர்ந்தெடுக்க எவ்வெவற்றைக் கருதுவீர்கள்?

4. கொதிக்கவைத்த குழிநீர் கைக்குழந்தைக்கு ஏன் பாதுகாப்பானதன்று?